அத்தையின் லட்சம் உரு: போனில் எண்ணுவது சரிவருமா?

ஈரோட்டு மருமகள்:

என் அத்தைக்கு 74 வயது. 'ஓம் சரவணபவ' லட்சம் உரு, அதாவது லட்சம் தடவை, சொல்வதாகப் பழனி முருகனுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறார். தினமும் விடியற்காலையில் 10 மாலை, அதாவது 108 மணி ஜபமாலையைப் பத்துச் சுற்று. முடக்குவாதத்தில் கட்டைவிரலும் நடுவிரலும் வீங்கிப்போய், ருத்ராட்ச மணியைப் பிடித்துத் தள்ளவே முடியவில்லை. நாலு மாலை ஆவதற்குள் வலியில் முகம் சுருங்கிவிடுகிறது. அதனால் ஜபம் எண்ணும் ஆப் ஒன்றைப் போனில் போட்டுக் கொடுத்தேன். தட்டத் தட்ட எண் ஏறும், 108 ஆனால் போன் அதிரும்.

ஆனால் திருநீறு பூசிய கையால் தட்டினால் பாதித் தட்டு பதிவதே இல்லை. எண் ஏறியதா என்று கண்ணைத் திறந்து திரையைப் பார்க்கிறார். "முருகனை நெனைக்கிறதா, இந்த நம்பரைப் பாக்கிறதா?" என்று அவரே வருத்தப்படுகிறார். போதாக்குறைக்குப் போன் அப்டேட் ஆனபோது மொத்தக் கணக்கும் பூஜ்யமாகிவிட்டது. "31,000 தாண்டியிருந்துச்சே கண்ணு" என்று அன்றைக்குக் காபிகூடக் குடிக்கவில்லை.

எண்ணாமல் சொல்லச் சொல்லுங்கள் என்று தயவுசெய்து எழுத வேண்டாம். அந்தக் கணக்கு அவர் சாமிக்குக் கொடுத்த வாக்கு. விரல் வலிக்காமல், திரையைப் பார்க்காமல் எண்ண வழி இருக்கிறதா?

செல்போன் கடைத் தம்பி, திண்டுக்கல்:

அக்கா, விரல் வறண்டிருந்தாலோ நடுவில் திருநீறு இருந்தாலோ தொடுதிரை சரியாக உணராது. வயதானவர்கள் பலர் இதே குறையோடு கடைக்கு வருகிறார்கள், போனில் கோளாறு இருக்காது. திரையை விட்டுவிட்டு, வால்யூம் பட்டனில் எண்ணும் ஆப் ஒன்றைப் போடுங்கள். கூடவே செல்ஃபி எடுக்கும் குட்டி புளூடூத் ரிமோட் வாங்குங்கள். பெரும்பாலான ரிமோட்டுகள் வால்யூம் பட்டனை அழுத்தியதாகத்தான் போனுக்குச் சொல்லும், அதனால் ஆப்பும் எண்ணிக்கொள்ளும். ரிமோட்டை மணைமேல் வைத்து உள்ளங்கையால் அழுத்தினால் போதும், விரலை மடக்க வேண்டியதில்லை.

திரை அணைந்தால் பல ஆப்கள் எண்ணாது. வெளிச்சத்தைக் குறைத்து, திரை அணையாதபடி வைத்து, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிவிடுங்கள்.

கும்பகோணம் பெரியவர்:

அம்மா, உங்கள் அத்தையின் கவலை நியாயமானது. ஜபமாலையைப் பைக்குள்ளோ அங்கவஸ்திரத்துக்குள்ளோ மறைத்து உருட்டுவதே எண்ணிக்கை கண்ணில் படக்கூடாது என்பதற்கும்தான். தம்பி சொல்லும் துண்டு அந்த வழக்கத்துக்குப் பொருத்தமாகவே இருக்கிறது.

ஒன்றிரண்டு தட்டு பதியாமல் போவதற்கும் பெரியவர்கள் வழி செய்துதான் வைத்திருக்கிறார்கள். மாலையில் 108 மணி இருந்தாலும் கணக்கில் 100 என்றுதான் எழுதுவது எங்கள் வீட்டு வழக்கம். மீதி எட்டு, விட்டுப்போனதற்கும் நாக்குப் பிறழ்ந்ததற்கும். 108 என்றே வைத்தால் லட்சத்துக்கு 926 மாலை, நூறாக வைத்தால் 1000 மாலை. தினம் பத்து என்றால் ஏழெட்டு நாள்தான் கூடும். அந்த ஏழெட்டு நாளுக்காகத்தான் அவர் ஒவ்வொரு தட்டுக்கும் கண்ணைத் திறந்து தவித்துக்கொண்டிருக்கிறார். அந்தப் பாரத்தை முதலில் இறக்கி வையுங்கள்.

கட்டைவிரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டு எண்ணும் கரமாலையும் உண்டு. மோதிரவிரலின் நடுக்கணுவில் தொடங்கிக் கீழே இறங்கி, சுண்டுவிரலில் அடியிலிருந்து நுனிக்கு ஏறி, மோதிரவிரல், நடுவிரல் நுனிகளைத் தொட்டு, ஆள்காட்டி விரலில் அடிவரை வந்தால் பத்து. ஆனால் கட்டைவிரல் வீங்கியவருக்கு அது ஆகாது.

தொலைந்த கணக்கைப் பற்றி. ஆரம்பித்த நாள் நினைவிருக்கிறதா? தினம் பத்து தவறவில்லை என்றால் காலண்டரே கணக்குச் சொல்லிவிடும்.

தூத்துக்குடி டீச்சர்:

என் அம்மா செபமாலை சொல்லும்போது, கை நடுங்கும் நாள்களில் 'அருள் நிறைந்த மரியே' பத்துக்கும் விரல்களைத் தரையில் ஒவ்வொன்றாக ஊன்றியே எண்ணுவார். விரலை மடக்கவும் வேண்டாம், மணியைப் பிடிக்கவும் வேண்டாம். கரண்டும் சார்ஜும் இல்லாத நாளுக்கு இது கைகொடுக்கும் சகோதரி.

ஈரோட்டு மருமகள்:

எல்லோருக்கும் நன்றிங்க. பெரியவர் எழுதியதை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். அந்த எட்டு மணிக் கணக்கை இரண்டு தடவை திரும்பப் படிக்கச் சொன்னார். கிருத்திகையன்று ஆரம்பித்ததால் காலண்டரில் வட்டம் போட்டிருந்தது. அதிலிருந்து அப்டேட் ஆன நாளுக்கு முந்தின நாள்வரை எண்ணினால் 29 நாள், மாலைக்கு 108 வீதம் 31,320. போனில் இருந்ததும் கிட்டத்தட்ட அதுதான். நூறு வழக்கப்படி 29,000 என்று எழுதிவிட்டோம், இன்னும் 71 நாள். இனிமேல் அன்றன்றைய மாலைக் கணக்கைப் பால் நோட்டிலேயே எழுதி வைக்கப்போகிறேன்.

ரிமோட்டும் வாங்கியாகிவிட்டது, நன்றாக எண்ணுகிறது. நேற்றுப் பத்து மாலையும் கண் திறக்காமல் சொல்லி முடித்தார். தம்பி, இதற்கு என்ன பேட்டரி?

செல்போன் கடைத் தம்பி, திண்டுக்கல்:

பெரும்பாலும் சிஆர் 2032 பட்டன் பேட்டரிதான் அக்கா. மூடியைத் திறந்தால் பேட்டரி மேலேயே எழுதியிருக்கும், பார்த்துவிட்டு ஒன்று கூடுதலாக வாங்கி வையுங்கள். குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும், விழுங்கினால் ஆபத்து.