நோன்புக் கதைகளும் நம் கடற்கரைப் பிள்ளைகளும்: உங்கள் அனுபவம் என்ன?

கீழக்கரை வாசகி:

ரமலான் நெருங்கினால் பிள்ளைகளுக்கு நோன்பு, பெருநாள் பற்றிய படக்கதைகளைத் தேட ஆரம்பித்துவிடுவேன். கிடைப்பதில் பெரும்பாலானவை ஆங்கிலம். படத்தைக் காட்டி, நானே தமிழில் சொல்லிக்கொண்டு போவேன். படங்கள் அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் ஜன்னலில் ஒரு வண்ணக் கண்ணாடி விளக்கு தொங்கும். எகிப்தில் நோன்பு மாதத்தில் தொங்கவிடும் ஃபானூஸ் அது. எங்கள் தெருவில் அதை யார் தொங்கவிட்டார்கள்?

விளக்கைக்கூட என் மகள் பொருட்படுத்தவில்லை. பெருநாளன்று ஒரு குடும்பம் காரில் ஏறி உம்மாவின் (அம்மாவின்) உம்மாவைப் பார்க்கப் போகிற பக்கத்தில்தான் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "இவங்க உம்மம்மா வேற வீட்லயா இருக்காங்க? ஏன், சண்டையா?"

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். கீழக்கரையில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடு பெண்பிள்ளைக்கு. ஆகவே உம்மம்மா எப்போதும் வீட்டிலேயே இருப்பார், பிள்ளைகளை அதட்டிக்கொண்டு. பெருநாள் தொழுகை முடிந்ததும் புதுச்சட்டையோடு பிள்ளைகள் ஓடுவது வாப்பாவை (அப்பாவை) பெற்றவர் வீட்டுக்கு. அங்கே ஸலாம் சொல்லி, பெருநாள் காசு வாங்கி, வயிற்றில் இடமில்லாவிட்டாலும் இன்னொரு துண்டு வட்டலப்பம் தின்றால்தான் விடுவார்கள். மகள் பென்சிலை எடுத்துக் காரை அடித்துவிட்டு, சந்தில் நடந்து போகும் இரண்டு பிள்ளைகளை வரைந்தாள். பிறகு அடுப்பங்கரைப் படத்துக்கு வந்து, பிஸ்கட் தட்டுக்குப் பக்கத்தில் தொதல் சட்டி ஒன்றையும் போட்டாள். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் அரிசிமாவும் சேர்த்துக் கை ஓயக் கிண்டுவதை அவள் பார்த்திருக்கிறாள். சட்டிக்குப் பக்கத்தில் வியர்த்து நிற்பது நான்தானாம்.

மண்டபம் ஆசிரியை:

நான் முஸ்லிம் இல்லை. என் வகுப்பில் பாதிப்பேர் நோன்பு வைக்கிற வீட்டுப் பிள்ளைகள், மீதி கடலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள். இரண்டுமாக இருப்பவர்களும் உண்டு. பிறை பார்க்கும் கதை ஒன்றை வாசித்தேன். படத்தில் நடு இரவு, வானம் நிறைய நட்சத்திரம், பள்ளிவாசல் மினாராவுக்கு (கோபுரத்துக்கு) நேர் மேலே பிறை. நோன்போடு சம்பந்தமே இல்லாத ஒரு மீனவப் பையன் எழுந்தான். "டீச்சர், மூணாம் பிறை அவ்வளவு நேரம் நிக்காது. பொழுது விழுந்த கொஞ்ச நேரத்துல அதுவும் விழுந்துரும். மேக்கால, கீழ பார்க்கணும்."

அமாவாசை எப்போது, கடல் எப்போது ஏறும், எந்த இரவு இருட்டு என்று அவன் வீட்டில் தினமும் பேச்சு நடக்கிறது. வடகடல் பக்கம் நின்றால் தெரியுமா, தென்கடல் பக்கமா என்று வகுப்பே இரண்டாகப் பிரிந்து வாதாடியது. நோன்பு ஏன் வருடா வருடம் 10, 11 நாள் முன்னால் வருகிறது என்பதைப் பிறைக்கணக்கை வைத்து அன்றைக்கே சொல்லிக்கொடுத்துவிட்டேன். 2025இல் மார்ச் 2ஆம் தேதி நோன்பு தொடங்கி பிளஸ் டூ தேர்வு முழுக்க நோன்பிலேயே போனதே, அதை எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது.

ஒன்று கவனித்தேன். 'நோன்பு என்றால் என்ன' என்று விளக்குகிற புத்தகங்களில் பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள். நோன்பு வைக்கிறவனுக்கு ஏற்கெனவே தெரியும், வைக்காதவனுக்கு அது பாடம். பிரேம்சந்த் 1933இல் எழுதிய 'ஈத்கா'வைச் சொன்னபோது ஒருவரும் அசையவில்லை. கையில் மூன்று பைசா வைத்துக்கொண்டு, மிட்டாயும் பொம்மையும் வாங்காமல், ரொட்டி சுடும்போது பாட்டிக்குக் கை சுடக்கூடாதென்று இடுக்கி வாங்குகிறான் ஹமீத். அவ்வளவுதான் கதை. பெருநாளைப் பற்றி அதில் யாரும் வகுப்பெடுப்பதில்லை.

துபாயிலிருந்து, சொந்த ஊர் ஏர்வாடி பக்கம்:

எல்லாப் புத்தகத்திலும் நோன்பு திறக்கும்போது வாப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். என் பையனுக்கு வாப்பா ஃபோனில் இருக்கிறார். ஊருக்கும் துபாய்க்கும் ஒன்றரை மணி நேர வித்தியாசம். அங்கே மாலைத் தொழுகைக்குப் பாங்கு (அழைப்பு) சொல்லி, பள்ளிவாசல் கஞ்சியும் வடையும் முடிந்து, அவன் வாயைத் துடைத்துக்கொண்டு அழைக்கும்போது எனக்கு இங்கே இன்னும் நோன்பு. அந்த இடைவெளியில்தான் அவனுக்குக் கதை வாசிப்பேன். பசியோடு சாப்பாட்டுப் படங்களை வாசிப்பது தனி அனுபவம். எனக்குப் பாங்கு சொன்னதும் அவன் இரண்டாம் தடவை பேரீச்சம்பழம் தின்பான், "வாப்பாவுக்குத் துணைக்கு" என்று. ராமநாதபுரம் மாவட்டத்தில் பாதி வீட்டுக் கதை இது. ஒரு புத்தகத்திலாவது வந்திருக்க வேண்டாமா?

ராமேஸ்வரம்:

எங்கள் ஊருக்குப் புத்தகப் பஞ்சமே இல்லை, எல்லாம் கலாம் ஐயாவைப் பற்றியது. போர்க்காலத்தில் ரயில் நிற்காமல் பேப்பர்க் கட்டை வீச, பையன் பொறுக்கிக்கொண்டு போய் வீடுவீடாகப் போடுவான். நல்ல கதைதான், எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்தப் பையன் சஹருக்கு, அதாவது விடியுமுன் சாப்பிட, தூக்கக் கலக்கத்தோடு எழுந்திருப்பானே, வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு தொழுகைக்கு நடந்திருப்பானே, அதை யாராவது படமாகப் போட்டார்களா? விண்வெளிக்கு அவசரமாகப் போய்விடுகிறார்கள்.

பெரியபட்டினம், வயதில் மூத்தவன்:

தம்பி, தங்கைகளே, குழந்தைப் புத்தகம் இல்லை என்று சொல்லும்போது கொஞ்சம் பின்னாலும் பாருங்கள். எங்கள் உம்மம்மாவுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. ஆனால் அரபு எழுத்தில் எழுதிய தமிழை, அதாவது அரபுத் தமிழை, சரளமாக வாசிப்பார். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்றவர்கள் அந்த எழுத்தில் எழுதியவர்கள்தாம். ராத்திரி தராவீஹ் தொழுகை முடிந்து உம்மம்மா ராகம் போட்டு வாசிக்க நாங்கள் சுற்றிப் படுத்திருப்போம். கிஸ்ஸா என்றால் கதை. மசலா என்றால் கேள்வியும் பதிலும், விடுகதை மாதிரியே இருக்கும். பதிலை முந்திச் சொல்ல காக்கா (அண்ணன்), ராத்தாவோடு (அக்காவோடு) அடிதடி நடக்கும். எழுதத் தெரிந்தவர்கள் இன்றைய பிள்ளைகளுக்கு மசலா பாணியில் ஒன்று எழுதிப் பாருங்களேன்.

கீழக்கரை வாசகி:

காக்கா, மசலா யோசனை அருமை. என் மகளிடம் சொன்னேன், "கஞ்சியில வெந்தயம் ஏன் போடுறாங்க?" என்று முதல் கேள்வியை அவளே எழுதிவிட்டாள். பதிலுக்கு உம்மாவிடம் அனுப்பியிருக்கிறேன்.

படக்கதை தேடுகிறவர்கள் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தைப் பாருங்கள். அங்குள்ள கதைகளை இலவசமாக இறக்கலாம், நாமே தமிழில் மொழிபெயர்த்து ஏற்றலாம், அச்சடித்தும் கொடுக்கலாம்.

மண்டபம் ஆசிரியை:

நோன்பு மாதத்தில் வாசிப்பு நேரம் வைக்கிறவர்களுக்கு ஒரு தகவல். அசர் (பிற்பகல்) தொழுகைக்குப் பிறகு வைக்காதீர்கள். தூக்குவாளியோடு எல்லாரும் கஞ்சி வரிசைக்கு ஓடிவிடுவார்கள், இந்துப் பிள்ளைகள் உட்பட. லுஹர் (நண்பகல்) தொழுகைக்கு அப்புறம் வையுங்கள், கூட்டம் நிற்கும்.