டப்பாவின் பின்பக்கம்: பூனைக்கு டின் உணவு தேடிய கதைகள்

(பூனை வளர்ப்பவர்கள் சிலர் மாறி மாறி எழுதியது. ஒவ்வொரு பகுதியின் தலைப்பும் எழுதியவரின் அடையாளம்.)

வேளச்சேரி மாடிவீடு

எங்கள் வீட்டுக் கடுவன் பெயர் மூட்டை. பெயருக்கு ஏற்ற உடம்பு, 5.2 கிலோ. குட்டியில் இருந்தே ட்ரை ஃபுட் மட்டும்தான். கிண்ணத்தில் கொட்டி வைத்துவிட்டு ஆபீஸ் போய்விடுவோம், அவன் பாட்டுக்குக் கொறித்துக்கொண்டிருப்பான்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் மே மாதம், லிட்டர் பாக்ஸ் என்கிற மணல் பெட்டியில் போய்ப் போய் உட்கார்ந்தான். எதுவும் வரவில்லை. மலச்சிக்கல் என்று நினைத்து ஒரு ராத்திரி பொறுத்துப் பார்த்தேன். அந்த ராத்திரியை நினைத்தால் இன்றைக்கும் வயிறு கலங்கும். காலையில் கத்த ஆரம்பித்தான். தூக்கிக்கொண்டு ஓடினால், டாக்டர் அடிவயிற்றை ஒரு தொடு தொட்டுவிட்டு, "யூரின் அடைச்சிருக்கு. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா உயிரே போயிருக்கும்" என்றார். கதீட்டர் போட்டு மூன்று நாள் வைத்திருந்தார்கள். கடுவனுக்கு மூத்திரக் குழாய் ஒடுக்கம் என்பதால் இந்த அடைப்பு பெரும்பாலும் ஆண் பூனைக்குத்தான் வருமாம்.

டாக்டர் சொன்ன விளக்கம் எனக்குப் புதிது. பூனையின் மூதாதைகள் வறண்ட நிலத்துப் பிராணிகள். தாகம் தெரிந்து தொட்டியைத் தேடிப் போய்க் குடிக்கும் பழக்கம் குறைவு. தின்கிற எலியிலேயே முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர் இருக்கும், அதை வைத்து ஓட்டிவிடும். நாம் போடும் ட்ரை ஃபுட்டில் தண்ணீர் 10 சதவீதம்தான், டின்னில் 75 முதல் 85 வரை. "டின்னுக்கு மாத்துங்க" என்று சொல்லி அனுப்பினார்.

எந்த டின் என்று நான் கேட்கவில்லை. தப்பு அங்கேதான் தொடங்கியது.

பெட் ஷாப்பில் அழகான ஒரு டப்பா இருந்தது. முழுத் துண்டு ட்யூனா, கண்ணாடி மாதிரி ஜெல்லி, தாய்லாந்தில் செய்தது. திறந்தால் நாமே சாப்பிடலாம் போல இருந்தது. பின்னால் பார்த்தால் தானியம் கிடையாது, கலர் கிடையாது, மீன், தண்ணீர், ஜெல்லிப் பொருள், அவ்வளவுதான். இதைவிடச் சுத்தமாக என்ன வேண்டும்? 80 கிராம் டப்பா, நாளைக்கு மூன்று. மூட்டை தட்டை நக்கித் துடைத்துவிடுவான்.

ஐந்து மாதத்தில் ஆள் இளைத்தான். நாங்கள் மகிழ்ந்தோம்! "ஜிம்முக்குப் போறவன் மாதிரி இருக்கான்" என்று மனைவி போட்டோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பினாள். தடுப்பூசிக்குப் போனபோது எடை 4.3. ரோமம் சொரசொரவென்று ஆகியிருந்ததை டாக்டர் தடவிப் பார்த்துவிட்டு, "என்ன கொடுக்கறீங்க?" என்றார். பெருமையாகப் பெயரைச் சொன்னேன். "அந்த டப்பாவைக் கொண்டு வாங்க" என்றார்.

மறுநாள் கொண்டுபோனேன். படத்தைப் பார்க்கவே இல்லை, நேரே பின்னால் திருப்பி ஒரு வார்த்தையில் விரலை வைத்தார். 'காம்ப்ளிமென்டரி'. ஐந்து மாதமாக அதை நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். காம்ப்ளிமென்டரி என்றால் நமக்கு ஓட்டலில் கொடுக்கும் இலவசக் காபிதானே! ஸ்பெல்லிங்கில் ஓர் எழுத்து வித்தியாசம், அர்த்தத்தில் பூனையின் ஆயுசே வித்தியாசம். இது துணை உணவு. வேறு முழு உணவோடு சேர்த்துக் கொடுக்க வேண்டிய தொட்டுக்கை. முழு உணவு என்றால் 'கம்ப்ளீட்' என்றோ 'கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்டு' என்றோ எழுதியிருக்க வேண்டும். நான் ஐந்து மாதமாக ஊறுகாயைச் சோறாகப் போட்டிருக்கிறேன்.

அப்புறம் ஒரு சீட்டில் கணக்குப் போட்டுக் காட்டினார். இதை எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்றுதான் எழுதவே உட்கார்ந்தேன்.

என் ட்யூனா டப்பாவில் புரதம் 12, கொழுப்பு 0.5, ஈரப்பதம் 86 சதவீதம். ஈரத்தைக் கழித்தால் மிச்சம் 14. அதில் 12 புரதம் என்றால், காய்ந்த கணக்கில் 85 சதவீதத்துக்கு மேல். ஆகா என்றிருக்கும். ஆனால் கொழுப்பே இல்லாததால் 100 கிராமுக்குக் கிட்டத்தட்ட 48 கலோரிதான். 80 கிராம் டப்பா மூன்றும் சேர்ந்து 115. அவன் உடம்புக்கு நாளைக்கு 220, 230 வேண்டும். பாதி வயிற்றோடு கிடந்திருக்கிறான். எலும்பில்லாத வெறும் சதை என்பதால் கால்சியமும் போதாது.

அவரே எடுத்துக்கொடுத்த வேறொரு பவுச்சில் (டின் உணவேதான், பையில் அடைத்தது) புரதம் 9.5 என்று இருந்தது. "குறைவா இருக்கே டாக்டர்" என்றேன். கொழுப்பு 5, ஈரம் 80, சாம்பல் (எரித்தால் மிஞ்சும் தாதுக்கள்) 2, நார் அரை. ஈரம் போக மிச்சம் 20, அதில் 9.5 என்றால் பாதிக்குப் பக்கம். எல்லாவற்றையும் கூட்டி 100-இல் கழித்தால் வருகிற 3 தான் மாவுச்சத்து. லேபிளில் அதைப் பெரும்பாலும் எழுதுவதில்லை, நாமே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். 85 கிராம் பவுச்சுக்கு 73 கலோரி, மூன்று கொடுத்தால் வயிறு சரியாக நிறையும். முன்பக்கம் பார்த்தால் சுமாரான பை. உள்ளே கூழ் மாதிரி, ஈரலும் நுரையீரலும் அரைத்துப் போட்டது. எலியைப் பிடித்தால் பூனை ஈரலையும் சேர்த்துத்தானே தின்னும் என்று சிரித்தார்.

இதயத்தில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து ரொம்ப நேரம் கேட்டார். கண்ணின் உள்பக்கத்தையும் விளக்கடித்துப் பார்த்தார். டாரின் என்றொரு பொருளாம். நாயின் உடம்பு போதுமான அளவு தானே செய்துகொள்ளும், பூனையின் உடம்புக்கு அது முடியாது, இறைச்சியில் இருந்துதான் வர வேண்டும். குறைந்தால் இதயத் தசை தளர்ந்து வீங்கும், விழித்திரை கெடும். 1987-இல் அமெரிக்காவில் டேவிஸ் நகரத்துக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பால் பியான் என்ற கால்நடை மருத்துவரும் கூட இருந்தவர்களும்தான், கடை உணவு தின்ற பூனைகளுக்கு வந்த இதய நோய்க்கு டாரின் குறைவே காரணம் என்று காட்டினார்கள். அதற்கப்புறம் கம்பெனிகள் டாரினைக் கூட்டின, அந்த நோயும் அபூர்வமாகிப் போனது. அமெரிக்க அளவுகோலில் உலர் உணவுக்கு டாரின் குறைந்தது 0.1 சதவீதம், டின்னுக்கு 0.2, இரண்டும் ஈரம் போன கணக்கில். டின்னை மூடிக் கடுஞ்சூட்டில் வேகவைப்பதால் குடலுக்குள் டாரின் வீணாவது கூடும், அதனால் இரட்டிப்பு.

மூட்டைக்கு இதயம் நன்றாகவே இருந்தது. இப்போது 4.8 கிலோ. ட்யூனா டப்பா வாரம் ஒன்று, ஞாயிற்றுக்கிழமை பாயசம் மாதிரி.

---

ஸ்ரீரங்கம் கொல்லைப்புறம்

எங்க வீடு சுத்த சைவம். பூனைதான் எங்களைத் தேர்ந்தெடுத்துண்டு வந்தது. நாலு வருஷம் தயிர் சாதம், பால், கொஞ்சம் பருப்புன்னு ஓடித்து. வெளியில எலி, பல்லி பிடிச்சு அதும் பாட்டைப் பார்த்துண்டதுன்னு இப்பத்தான் புரியறது. தெருவில ஸ்கூட்டர் இடிச்சு ஒரு கால் போனதும் வீட்டோட இருத்தினோம். வேட்டை நின்னுது. ஆறு மாசத்துல எலும்பு தெரிய ஆரம்பிச்சுடுத்து. பால் குடிச்சா பேதி வேற. வளர்ந்த பூனை நிறையத்துக்குப் பால் சர்க்கரை சரியா ஜீரணமாகாதாம்.

சைவத்துலயே ஏதாவது டின் கிடைக்குமான்னுதான் நான் டாக்டர்கிட்ட முதல்ல கேட்டேன். அவர் கோவிச்சுக்கல. "கேரட்ல இருக்கறதை விட்டமின் ஏ-வா மாத்தற வித்தை நமக்குத் தெரியும்மா, அதுக்குத் தெரியாது" ன்னார். அத்தோட வாயை மூடிண்டேன்.

மாமியாரைச் சமாளிக்கறதுதான் பெரும்பாடுன்னு நெனச்சேன். அவா, "அதுக்கு ஏதுடி ஆசாரம்? கொல்லையில வெச்சுக் குடு, ஸ்பூன் மட்டும் உள்ள வரப்படாது" ன்னுட்டார். இப்ப கிணத்தடியில ஒரு கல்தட்டு, ஒரு பழைய ஸ்பூன். சிக்கன் டின், 'கம்ப்ளீட்' னு போட்டது. ஃப்ரிட்ஜ்ல வைக்க முடியாதுங்கறதால சின்ன டப்பாவா வாங்கி, ஒரே வேளைக்குத் தீர்த்துடறோம். எறும்புக்கு மட்டும் தட்டைச் சுத்தித் தண்ணி கட்டணும், இல்லேன்னா பூனைக்கு முன்னாடி அதுகள் பந்தியில உக்காந்துடும்.

---

தூத்துக்குடி மீன்வாடை

அண்ணாச்சி, எங்க ஊர்ல பூனைக்கு டின்னு வாங்குனா சிரிப்பாவ. சாளை மலிவா கெடைக்கும்போது எதுக்கு டப்பான்னுதான் நானும் இருந்தேன். வெறும் சாளை, நெத்திலி, பாதி நாள் பச்சையாவே. மீன் மட்டுமே போட்டுக்கிட்டு இருந்தா விட்டமின் ஈ குறைஞ்சி உடம்புக் கொழுப்பே மஞ்சளா வீங்கி நோவும்னு டாக்டர் சொன்னாவ. பச்சை மீன் சிலதுல விட்டமின் பி1-ஐத் தின்னுபோடுற சரக்கு இருக்காம், அதனால அவிச்சித்தான் கொடுக்கணும்.

இன்னொரு கூத்து. ஒரு தடவ அவசரத்துக்கு மனுசங்க திங்கிற ட்யூனா டின்னை வாங்கிப் போட்டேன். அது உப்புத் தண்ணியில ஊறுனது. பூனைக்கு ஆகாது. குழம்பு மீனைக் கழுவிப் போடுறதும் அப்படித்தான். உள்ளி, பூண்டு ரெண்டும் பூனை ரத்தத்தைக் கெடுக்கும், கழுவுனா போவாது.

இப்ப காலைல டின்னு, சாயங்காலம் கொஞ்சம் அவிச்ச மீனு. ட்யூனா பெரிய மீன், பாதரசம் சேரும்னு சொல்லுதாவ, அதனால டின்னுல கோழிதான் எடுக்கேன். மீனுக்கு எங்க ஊர்ல பஞ்சமா?

---

ஈசூன் அக்கா, சிங்கப்பூர்

2024 செப்டம்பர் 1-ல இருந்துதான் இங்கே வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டுல பூனை வளர்க்க அனுமதி, வீட்டுக்கு ரெண்டு. அதுக்கு முன்னாடி ஒளிச்சு வளர்த்தவங்க கதையை இன்னொரு நாள் சொல்றேன்.

இங்கே கடையில டின் ஒரு சுவர் முழுக்க நிக்கும், தலை சுத்திடும். நான் பார்க்கிறது பெயரை எப்படி எழுதியிருக்காங்கன்னு. அமெரிக்க விதிப்படி லேபிள் போட்ட டின்னுல வெறுமனே 'சிக்கன்' னு பெயர் இருந்தா, சேர்த்த தண்ணியைக் கழிச்சு 95 சதவீதம் கோழி இருக்கணும். 'சிக்கன் டின்னர்' னா 25 போதும். 'வித் சிக்கன்' னா வெறும் 3. 'ஃப்ளேவர்' னா வாசனை தெரிஞ்சா சரி! என் பூனைக்கு நான் ஒரு வருஷமா 'வித் சால்மன்' வாங்கி, சால்மன் சாப்பிட்டு வளர்றான்னு அம்மாகிட்ட பீத்திக்கிட்டு இருந்தேன்.

ஜெல்லிக்குப் போடுற கராஜீனன், கோந்து வகைகள் சில பூனைக்கு வயிற்றைக் கலக்கும். என்னோடதுக்கு அப்படித்தான் ஆச்சு, பேட்டேக்கு (கூழா அரைச்ச வகை) மாத்தினதும் நின்னுடுச்சு. எல்லாப் பூனைக்கும் அப்படி ஆகும்னு சொல்லல.

---

அம்பத்தூர் மூணு பூனை

எல்லாம் சரி சார். மூணு பூனைக்கு நாளைக்கு ஒன்பது பவுச், ஒண்ணு ஐம்பது ரூபாய்னு வெச்சா மாசம் பதிமூணாயிரத்தைத் தாண்டுது. நான் பூனைக்கு வேலை பார்க்கிறேனா, கம்பெனிக்கா?

---

வேளச்சேரி மாடிவீடு

நியாயமான கேள்வி. நானும் முழுக்க டின்னில் ஓட்டவில்லை. காலையில் ஒரு பவுச், அதில் நாலு ஸ்பூன் வெந்நீர் கலந்து ரசம் மாதிரி. ராத்திரி அளந்து போட்ட ட்ரை, அதுவும் 'கம்ப்ளீட்' எழுதியதுதான். டாக்டரிடம் கேட்டுத்தான் இப்படி வைத்தேன், அடைப்பு வந்த பூனை என்பதால் வருஷத்துக்கு இரண்டு தடவை யூரின் பரிசோதனையும் உண்டு. மூன்று பூனை இருந்தால் 400 கிராம் டின் கட்டுப்படியாகும். கிராம் கணக்கில் மலிவு, அன்றைக்கே தீர்ந்தும் விடும். மீந்தால் மூடிபோட்ட கிண்ணத்தில் ஃப்ரிட்ஜில் இரண்டு நாள், அதற்கு மேல் நான் வைப்பதில்லை. சென்னை வெயிலில் தட்டில் கிடப்பதை ஒரு மணி நேரத்தில் எடுத்துவிடுகிறேன். ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்ததை அப்படியே வைத்தால் முகர்ந்துவிட்டுப் போய்விடுவான், வெந்நீர்ப் பாத்திரத்தில் கிண்ணத்தை உட்கார்த்தி வெதுவெதுப்பாக்கினால் வருவான். மூடி உப்பிய டின், விளிம்பில் நசுங்கிய டின், தள்ளுபடியில் கிடைத்தாலும் வேண்டாம்.

வயதான பூனைக்கு, குறிப்பாகச் சிறுநீரகம் தளர்ந்ததற்கு, பாஸ்பரஸ் கணக்கு தனி. அங்கே என் சீட்டுக் கணக்கு செல்லாது, டாக்டர் எழுதிக்கொடுக்கிற டின்தான்.

---

அம்பத்தூர் மூணு பூனை

சரி, 400 கிராம் வாங்கிட்டேன். ரெண்டு பேரும் தின்னுட்டாங்க. பெரியவ, குண்டச்சி, தொடவே மாட்டேங்குறா. பசிச்சா தானா தின்பாள்னு நேத்துல இருந்து பட்டினி போட்டிருக்கேன்.

---

வேளச்சேரி மாடிவீடு

ஐயோ, அதை மட்டும் செய்யாதீர்கள்! குண்டுப் பூனை இரண்டு மூன்று நாள் தின்னாமல் கிடந்தால் உடம்புக் கொழுப்பெல்லாம் ஈரலில் போய் அடைத்துக்கொள்ளும், உயிருக்கே ஆபத்து. இப்போதே பழைய ட்ரையைப் போடுங்கள். அதையும் தொடவில்லை என்றால் இன்றைக்கே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். தின்றால், பக்கத்தில் ஒரு டீஸ்பூன் டின் மட்டும் வையுங்கள். ஒரு வாரம், பத்து நாள் ஆகட்டும்.

---

அம்பத்தூர் மூணு பூனை

ட்ரையைப் போட்டதும் பாய்ஞ்சு வந்தா சார். நல்லவேளை கேட்டேன்.

இன்னியோட நாலாவது நாள். கிரேவியை நக்கிட்டு, துண்டை மட்டும் வரிசையா ஒதுக்கி வெச்சிட்டுப் போறா.

---

வேளச்சேரி மாடிவீடு

நாளைக்குத் துண்டை மசித்து வையுங்கள்.