ரவி மாமா காருக்குப் பின்னால் நின்றார்

குழு: கல்லடி வீடு

சனிக்கிழமை

கவின், 8:12: மன்னிக்கவேணும் ரவி மாமா. உங்களைக் காப்பாற்ற முடியவில்லை. கடைசி வரைக்கும் முயற்சி செய்தேன்.

செல்வி சின்னம்மா, 8:13: என்னகா இது??? அண்ணாவுக்கு என்ன?

செல்வி சின்னம்மா, 8:13: கவின் போனை எடு

கவின், 8:14: விளையாட்டில் சின்னம்மா, விளையாட்டில். எக்ஸ்கொம். போன கிழமை எல்லாரிடமும் பெயர் வைக்கலாமா என்று கேட்டேனே.

ரவி மாமா, 8:14: நான் உயிரோடுதான் இருக்கிறேன். சூரிச்சில் பின்னேரம் நாலே முக்கால். தேத்தண்ணி குடிக்கிறேன்.

செல்வி சின்னம்மா, 8:15: நான் இரவு டியூட்டியில் நிற்கிறேன். வார்ட்டில் எல்லாரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள். உன்னை நேரில் கண்டால் இருக்கு.

பெரியப்பா, 8:17: எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ரவி எங்கே செத்தான்?

கவின், 8:21: பெரியப்பா, முதலில் இருந்து சொல்கிறேன். 2012இல் ஃபைராக்சிஸ் என்ற நிறுவனம் செய்த விளையாட்டு. வேற்றுக்கிரகவாசிகள் பூமியில் இறங்குகிறார்கள், நாங்கள் தளபதி. தொடக்கத்தில் நாலு பேரை அனுப்பலாம், பிறகு ஆறு வரைக்கும் கூட்டலாம். நாங்கள் ஒரு முறை, அவர்கள் ஒரு முறை, செஸ் மாதிரி. ஆட்களுக்கு விரும்பிய பெயர் வைக்கலாம். செத்தால் செத்ததுதான், திரும்ப வரமாட்டார்கள். முகாமில் ஒரு சுவர் இருக்கிறது, அதில் படம் ஏறிவிடும்.

பெரியப்பா, 8:22: எங்கள் நாடு இருக்கிறதா அதில்?

கவின், 8:23: 16 நாடுகள் சேர்ந்து எங்களுக்குக் காசு தருகின்றன. இந்தியா இருக்கிறது, நைஜீரியா இருக்கிறது, ஆர்ஜென்டினா கூட இருக்கிறது. நாங்கள் இல்லை.

பெரியப்பா, 8:23: காசு குடுக்கிற பட்டியலில் நாங்கள் எப்படி இருப்பம்.

கவின், 8:24: பீதி கூடினால் அந்த நாடுகள் ஒவ்வொன்றாகக் கழன்றுவிடும். 8 நாடு போனால் ஆட்டம் முடிந்தது.

ரவி மாமா, 8:25: அதெல்லாம் இருக்கட்டும். நான் எப்படிச் செத்தேன்?

நிரோஷ், 8:25: காருக்குப் பின்னால் நின்று 😂

ரவி மாமா, 8:26: மறைப்புக்குத்தானே நின்றிருப்பேன்?

கவின், 8:28: கார் ஏற்கனவே புகைந்துகொண்டிருந்தது மாமா. இந்த விளையாட்டில் சூடு பட்ட வாகனம் முதலில் எரியும், பிறகு வெடிக்கும். உங்களை அங்கே விட்டது என் பிழைதான். ஆனால் அந்த முறையே எதிரியை முடித்துவிடலாம் என்று நினைத்தேன். நிரோஷ் அண்ணா எதிரிக்குப் பக்கத்தில், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்றார். திரையில் 95% காட்டியது. சுட்டார். படவில்லை.

ரவி மாமா, 8:29: நிரோஷ்!!

நிரோஷ், 8:29: நான் சுடவில்லை மாமா, கவின்தான் சுட்டான்.

ரவி மாமா, 8:30: பெயர் உன்னுடையது. கல்முனைக் கலியாண வீட்டில் தயிர் முட்டியைக் கைவிட்டதும் நீதான். அதுவும் கை நீட்டினால் தொடுகிற தூரம்தான்.

செல்வி சின்னம்மா, 8:31: என் சீலை முழுக்கத் தயிர். அந்தப் பச்சைச் சீலையை இன்னும் உடுக்க ஏலாமல் வைத்திருக்கிறேன்.

நிரோஷ், 8:32: அது நடந்து நாலு வருசம். விடுங்க. தம்பி, சேவ் பண்ணினதைத் திறந்து திரும்பச் சுடு.

கவின், 8:34: முடியாது. அயன்மான் முறையில் விளையாடுகிறேன், ஒரே ஒரு சேவ்தான், அதையும் அதுவே எழுதிக்கொள்ளும். சாதாரண முறையில் என்றாலும் பிரயோசனம் இல்லை. திரும்பத் திறந்து அதே சூட்டைச் சுட்டால் அதே முடிவுதான் வரும். காயை முன்னமே உருட்டிச் சிரட்டையால் மூடி வைத்த மாதிரி.

பெரியப்பா, 8:36: 95% என்றால் தவறவே கூடாது என்று நினைத்தாயா? மரவரிப்படம் கீறிப் பார். 95% சூடு 20 சுடுகிறாய் என்று வை. இருபதும் படுவதற்கு நிகழ்தகவு 0.36 அளவுதான். ஒன்றாவது தவறும் என்பதற்கு 0.64.

கவின், 8:37: பெரியப்பா இது சனிக்கிழமை இரவு.

பெரியப்பா, 8:37: புதிதாகச் சேர்கிற ஆளின் குறி எத்தனை?

கவின், 8:38: 65. எதிரி அரை மறைப்பில் நின்றால் 20 குறையும், முழு மறைப்பு என்றால் 40.

பெரியப்பா, 8:40: ஆகவே 45, அல்லது 25. பக்கவாட்டில் சுற்றிப்போனால் மறைப்பு இல்லை, திரும்ப 65. அப்போ இது துவக்கு விளையாட்டு இல்லை, எங்கே நிற்பது என்கிற விளையாட்டு. ரவி நின்ற இடம் பிழை. நிரோஷில் குற்றம் இல்லை.

நிரோஷ், 8:40: 🙏🙏 அப்பா

அம்மா, 8:42: நல்ல வடிவாகப் படிப்பிக்கிறீங்க அத்தான். ஏ.எல். சோதனையை வைத்துக்கொண்டு இவன் குசினிப் பக்கம்கூட வராமல் லப்டொப்பில். இறால் கறி ஆறுகிறது.

ரவி மாமா, 8:44: விடக்கா. இதன் முதல் பதிப்பை நானும் விளையாடியிருக்கிறேன். 1994இல் வந்தது, கொலொப் என்று அண்ணன் தம்பி இரண்டு பேர் இங்கிலாந்தில் செய்தது. நான் 1997இல் இங்கே வந்த புதிதில் அறைக்காரனின் கொம்பியூட்டரில் ஆடினேன். கதை 1999இல் நடக்கும், அதனால் இன்னும் இரண்டு வருசத்தில் வந்துவிடுவார்கள் என்று பகிடி விடுவோம். அப்போது விமானத்தில் 14 பேர் ஏற்றலாம். கதவு திறந்ததும் முன்னுக்கு நிற்கிற இரண்டு பேர் செத்தது சரி. அதற்காகவே புது ஆட்களை முன்னுக்கு நிறுத்துவோம். பெயரையே வாசிக்கமாட்டேன்.

கவின், 8:45: பெயர் வைத்தால் அப்படிச் செய்ய மனம் வராது மாமா. அதுதான் கஷ்டம்.

ரவி மாமா, 8:45: என்னைக் காருக்குப் பின்னால் விட மட்டும் மனம் வந்தது.

தர்சி, 8:49: அம்மம்மா பக்கத்தில் இருக்கிறா. அவ சொல்லச் சொல்ல நான் தட்டுகிறேன்.

தர்சி, 8:50: "மனே, எனக்கு என்ன வேலை குடுத்திருக்கிறாய்?"

கவின், 8:52: நீங்க தூரத்தில் இருந்து குறிபார்த்துச் சுடுகிற ஆள் அம்மம்மா. நடந்துவிட்டு அதே முறையில் பெரிய துவக்கால் சுட முடியாது, இருந்த இடத்தில் இருந்துதான். ஆனால் எங்களில் யார் கண்ணில் எதிரி பட்டாலும் நீங்க அங்கிருந்தே அடிப்பீங்க.

செல்வி சின்னம்மா, 8:53: வாசல் கதிரையில் இருந்துகொண்டே மூன்று ஒழுங்கைச் செய்தியும் தெரிந்து வைத்திருக்கிற ஆளுக்குச் சரியான வேலை.

கவின், 8:53: இதுவரைக்கும் 14 பேரை விழுத்தியிருக்கிறா. குழுவிலேயே கூட.

தர்சி, 8:55: அம்மம்மா சிரிக்கவில்லை. கேட்கிறா, "சண்டை எங்கே நடந்தது, ஊருக்குள்ளேயா?"

கவின், 8:55: ஓம், ஒரு பட்டணத்தில். தெருவும் கடையும்.

தர்சி, 8:56: "சனம் நின்றதா?"

கவின், 8:57: நின்றது. இந்த மாதிரிச் சண்டையில் 18 பேர். நாங்கள் பக்கத்தில் போய் நின்றால் எழும்பி விமானத்தை நோக்கி ஓடும்.

தர்சி, 8:57: "எத்தனை பேரைக் கொண்டுவந்தாய்?"

கவின், 8:59: 11.

தர்சி, 9:03: "மற்ற ஏழு பேர்?"

கவின், 9:05: கவனிக்கவில்லை அம்மம்மா. மாமா செத்ததோடு நான் எதிரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தர்சி, 9:06: ஒன்றும் சொல்லவில்லை. எழும்பிக் கிணற்றடிக்குப் போய்விட்டா.

ஞாயிற்றுக்கிழமை

தர்சி, 6:38: அம்மம்மா விடியவே எழுப்பிச் சொன்னது: "கவினிடம் சொல்லு, என்னைத் துவக்கோடு பின்னுக்கு இருத்தி வைக்கவேண்டாம். நான் போய்ச் சனத்தைக் கூட்டிவருகிறேன்." எனக்கு நித்திரை. இனி அவவுக்கு வேறு யாராவது தட்டிக் குடுங்க.

கவின், 9:15: ஆளின் வேலையை மாற்ற முடியாது. யாருக்கு என்ன வேலை என்று விளையாட்டுத்தான் தரும். ஆனால் நடக்கச் சொல்லலாம். கையில் பிஸ்டல் இருக்கிறது.

நிரோஷ், 9:20: அம்மம்மா போனால் பின்னுக்கு இருந்து யார் அடிப்பது? எனக்கு 95% உம் படாது என்று தெரியும்தானே.

ரவி மாமா, 10:40: இப்போதுதான் எழும்பினேன். 2016இல் வந்த இரண்டாம் பாகத்தைப் பற்றி வாசித்தேன். முதல் சண்டையில் நாங்கள் தோற்றுப்போனோம் என்றே அதன் கதை தொடங்குகிறதாம், 20 வருசமாக வேற்றுக்கிரகவாசிகள்தான் ஆட்சியாம். அப்போ நான் செத்தது?

கவின், 10:41: 😬

அடுத்த சனிக்கிழமை

கவின், 9:31: அம்மம்மாவிடம் யாராவது வாசித்துக் காட்டுங்க. இன்றைக்குத் திரும்ப அதே மாதிரிச் சண்டை. அம்மம்மாவை முதல் முறையிலேயே வீதிக்கு இறக்கினேன், பெரிய துவக்கால் ஒரு சூடும் சுடவில்லை. சின்னம்மா பின்னால் புகைக்குண்டு போட்டுக்கொண்டு வந்தா. பெரியப்பா சொன்ன மாதிரி எரிகிற காரை விட்டு எல்லாரையும் தள்ளி நிறுத்தினேன். எங்கள் ஆட்கள் ஒருத்தரும் சாகவில்லை. அம்மம்மா மட்டும் 6 பேரைக் கூட்டி வந்தா. எல்லாமாக 15.

செல்வி சின்னம்மா, 9:33: எனக்குப் புகைக்குண்டா? போன கிழமையே சொல்லியிருக்கலாம். படம் அனுப்பு.

அம்மா, 9:36: நான் வாசித்துக் காட்டினேன். அந்த மூன்று பேர் எங்கே நின்றவர்கள் என்று கேட்கிறா.

கவின், 9:38: கடைக்குப் பின்பக்கம். நாங்கள் போக முதல் கிறிசலிட் என்ற எதிரி அங்கே போய்விட்டது. அது கொன்ற ஆட்கள் எழும்பி எங்களையே பிடிக்க வருவார்கள்.

அம்மா, 9:41: "அடுத்த முறை கடைப் பக்கம் முதலில் போ" என்கிறா.