31 அங்குல டயருக்கு ஆக்சில் விகிதம் 4.88-ஆ, 5.38-ஆ? ஆலோசனை தேவை

குழுவிலுள்ள அனைவருக்கும் வணக்கம். பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்புக்குச் சென்றுவரும் எங்கள் பழைய டீசல் ஜீப்பில், 28 அங்குல டயர்களுக்குப் பதிலாக 31 அங்குல டயர்களைப் பொருத்தியது முதல், கடலூர் கேப்பர் மலையின் செம்மண் ஏற்றங்களில் முதல் கியரிலேயே என்ஜின் திணறுகிறது. அரைக் கிளட்சிலேயே ஏற்ற வேண்டியிருப்பதால் கிளட்ச் தகடு விரைவில் தேய்ந்துவிடும் என்று அஞ்சுகிறேன்.

ஆக்சிலைத் திறந்து எண்ணியதில் சக்கரங்களைச் சுழற்றும் பெரிய பல்சக்கரமான கிரவுனில் 47 பற்களும், அதைச் சுழற்றும் சிறிய பல்சக்கரமான பினியனில் 11 பற்களும் உள்ளன. அதாவது விகிதம் 4.27 (பினியன் 4.27 முறை சுற்றினால் கிரவுன் ஒருமுறை சுற்றும்). டயரின் விட்டம் ஏறக்குறைய 11 சதவீதம் கூடியதால், இப்போது கிடைக்கும் இழுவை 3.86 விகிதத்துக்கே சமம். பழைய இழுவை திரும்ப 4.73 வேண்டும். மெக்கானிக் வாங்கித் தருவதாகச் சொல்பவை 4.88, 5.38 ஆகிய இரண்டுதான்.

தோப்புப் பாதைக்கு 5.38 ஏற்றது என்றே கருதுகிறேன். ஆனால் புதுச்சேரி நெடுஞ்சாலையிலும் அடிக்கடி செல்ல வேண்டியுள்ளது. நேரடி விகிதமான (என்ஜினின் சுற்று மாறாமல் ஆக்சிலுக்குச் செல்லும்) நான்காம் கியரில் 80 கி.மீ. வேகத்துக்கு 4.88 என்றால் நிமிடத்துக்குச் சுமார் 2,630 சுற்றுகள், 5.38 என்றால் 2,900. இந்த என்ஜினை அவ்வளவு சுற்றில் நீண்ட நேரம் ஓட்டலாமா? மேலும், கிரவுனின் அளவு மாறாமல் விகிதம் மட்டும் கூடினால் பினியன் சிறுத்துவிடுமே. பாரம் ஏற்றும் வண்டிக்கு அது தாங்குமா?

நான்கு சக்கர இயக்கத்துக்காக முன், பின் ஆக்சில்கள் இரண்டையும் ஒரே விகிதத்துக்கு மாற்றவே எண்ணியுள்ளேன். பினியன் ஷிம் (பினியனின் இடத்தைச் சரிசெய்யும் மெல்லிய தகடு), பல் இடைவெளி ஆகியவற்றை அளந்து பொருத்தும் தேர்ந்த கைகள் கடலூரிலோ புதுச்சேரியிலோ இருந்தால் தயவுசெய்து தெரிவியுங்கள்.