பழைய மடிக்கணினியின் ஹார்டு டிஸ்க்கைப் புதியதில் அப்படியே ஓட்ட முடியுமா?

கும்பகோணம் டி.டி.பி.:
வணக்கம். கும்பகோணத்தில் சிறிய டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, கண்ணீர் அஞ்சலி எல்லாமே 2011இல் வாங்கிய ஒரு மடிக்கணினியில்தான் நடந்துகொண்டிருந்தது. மதர்போர்டு போய்விட்டது, புதியது வாங்கிவிட்டேன். பழைய டிஸ்க் 500 ஜி.பி., விண்டோஸ் 7, பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் 7 மென்பொருள். "அக்கா கல்யாணத்துக்கு அடித்தது மாதிரியே தங்கைக்கும் வேண்டும்" என்று வருபவர்களை நம்பித்தான் கடை ஓடுகிறது. அதனால் பழைய கோப்புகள் இல்லாமல் எனக்குப் பிழைப்பில்லை.

புதிய கணினியின் அடிமூடியைக் கழற்றினால் இந்த டிஸ்க் உட்கார இடமே இல்லை. விரல் நீளத்துக்கு ஒரு சிறிய பலகை மட்டும் ஒற்றைத் திருகில் நிற்கிறது. யூ.எஸ்.பி. வழியாக இணைத்து, பழைய விண்டோஸையே இயக்க வழி உண்டா? எல்லாம் போட்டது போட்டபடி வேண்டும்.

ரிச்சி தெரு ஸ்குரூடிரைவர்:
நீங்கள் பார்த்த அந்தப் பலகைதான் எம்.2 எஸ்.எஸ்.டி., அதாவது சுழலும் தட்டு இல்லாத புதுவகைச் சேமிப்பகம். உங்களுடையது சாட்டா என்ற பழைய வகை இணைப்புள்ள 2.5 அங்குல டிஸ்க். இரண்டுக்கும் பொருத்துமுனையே வேறு. உள்ளே மாட்டும் ஆசையை விட்டுவிடுங்கள்.

பழைய விண்டோஸை இயக்குவதும் நடக்காது. விண்டோஸ் 7 யூ.எஸ்.பி. டிஸ்க்கிலிருந்து தொடங்கும்படி செய்யப்பட்டதல்ல. பாதி வழியில் நீலத் திரை காட்டி நின்றுவிடும். தவிர, கணினியை முதலில் எழுப்பும் உள்மென்பொருளும் மாறிவிட்டது. அந்தக் காலத்து டிஸ்க் பழைய பயாஸ் முறையில் தொடங்குவது. இப்போது வரும் கணினிகள் பெரும்பாலும் யூ.இ.எஃப்.ஐ. என்ற புதிய முறையில் மட்டுமே தொடங்குகின்றன. மாற்று வித்தை சொல்பவர்கள் வருவார்கள். கடை நடத்துபவருக்கு அதெல்லாம் வேண்டாத வேலை.

டிஸ்க்கை உள்ளே வைத்து யூ.எஸ்.பி.யில் இணைக்கும் 2.5 அங்குல சாட்டா உறை சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், வாங்குங்கள். தனி மின்சாரம் தேவையில்லை, யூ.எஸ்.பி. தருவதே போதும். மாட்டியதும் காதைக் கொடுத்துக் கேளுங்கள். சீரான மெல்லிய இரைச்சல் என்றால் பயமில்லை. "டிக்... டிக்..." என்று ஒரே தாளத்தில் அடித்தால் உடனே பிடுங்கி, வேறு கேபிளில் ஒருமுறை பாருங்கள். அப்போதும் அடித்தால் தரவு மீட்பவரிடம் கொண்டுபோக வேண்டியதுதான்.

டிஸ்க் தெரிந்ததும் விண்டோஸ் ஏதாவது கேட்கும். "ஃபார்மேட் செய்யவா?" என்றாலும் "பிழை திருத்தவா?" என்றாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். முதலில் டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருளைப் போட்டு, சி5 என்ற வரியைப் பாருங்கள். அதன் மூல மதிப்பு பூச்சியமாக இருந்தால் தாராளமாக நகலெடுக்கலாம். பூச்சியம் இல்லையென்றால் படிக்க முடியாத இடங்கள் உண்டு என்று பொருள். ஒவ்வொரு கோப்பாக இழுக்காமல், லினக்ஸில் டிடிரெஸ்கியூ என்ற மீட்பு மென்பொருள் கொண்டு முழு டிஸ்க்கையும் படியெடுங்கள். பழைய பயனர் கோப்புறையைத் திறக்கும்போது அனுமதி இல்லை என்று வரும். "தொடர்க" அழுத்திவிட்டுப் பொறுமையாக இருங்கள்.

பக்க வடிவமைப்பு அக்கா:
தம்பி, கோப்பு மட்டும் வந்தால் உங்களுக்குப் பத்திரிகை வராது. பேஜ்மேக்கர் காலத்துத் தமிழ் எழுத்துருக்கள் பெரும்பாலும் யூனிகோடு, அதாவது எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறை, அல்ல. கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகள்தான், அவற்றுக்குத் தமிழ் உருவம் கொடுப்பது பாமினி போன்ற எழுத்துரு. அது இல்லாமல் திறந்தால் மணமகன் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக நிற்கும். பழைய சி டிரைவில் விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் கோப்புறையை முழுதாக எடுத்து வையுங்கள். விநாயகர், நாதஸ்வரம், வாழைமரப் படங்களும் வேறு கோப்புறையில் கிடக்கலாம், தேடுங்கள்.

பேஜ்மேக்கரை நகலெடுத்துப் பயனில்லை, நிறுவித்தான் ஆகவேண்டும். குறுந்தட்டு பத்திரமாக இருக்கிறதா? இன்டிசைன் என்ற புதிய வடிவமைப்பு மென்பொருளுக்கு மாறிவிடலாம் என்று யாராவது சொன்னால், அதன் சி.எஸ்.6 என்ற பழைய பதிப்பு வரைதான் பேஜ்மேக்கர் கோப்பை நேரடியாகத் திறக்கும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கும்பகோணம் டி.டி.பி.:
அக்காவுக்கும் அண்ணனுக்கும் நன்றி. உறை வாங்கி மாட்டினேன். இரைச்சல் சீராக இருக்கிறது, சி5 பூச்சியம். கோப்புகள், எழுத்துருக்கள், படங்கள் எல்லாம் வந்துவிட்டன. குறுந்தட்டும் இருக்கிறது, ஆனால் புதிய கணினியில் தட்டு போடும் இடமே இல்லை! வெளித் தட்டு இயக்கி இரவல் கேட்டிருக்கிறேன். பழைய டிஸ்க்கை அழித்துவிட்டுத் தினசரி பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளலாமா?

ரிச்சி தெரு ஸ்குரூடிரைவர்:
கூடாது. 2011ஆம் ஆண்டு டிஸ்க்கை நம்பிப் புதிய வேலையை வைக்காதீர்கள். பேக்கப்புக்குத் தனியாக ஒன்று வாங்குங்கள். பேஜ்மேக்கர் நிறுவி, நாலைந்து பழைய பத்திரிகைகளைத் திறந்து, அச்செடுத்துப் பார்க்கும்வரை பழையதில் ஓர் எழுத்தைக்கூட அழிக்க வேண்டாம். தை முகூர்த்தங்கள் முடியட்டும், பிறகு பேசிக்கொள்ளலாம். அந்த வெளித் தட்டு இயக்கி கிடைத்ததும் குறுந்தட்டையும் ஐ.எஸ்.ஓ. கோப்பாக, அதாவது முழுத் தட்டின் ஒரே நகலாக, எடுத்து வைத்துவிடுங்கள், அடுத்த தடவை இரவல் கேட்க வேண்டியிராது.