புதுப்பிப்பு: அருஷாவில் தங்கலாமா, நேரே செரெங்கெட்டி போகலாமா?

டான்சானியாவின் செரெங்கெட்டி தேசியப் பூங்காவில் விலங்குகளைப் பார்க்கும் சஃபாரிக்கு முன்னால், அதே நாட்டின் அருஷா நகரத்தில் தங்குவது வீண் செலவா என்று கேட்டிருந்தேன் அல்லவா, போய்விட்டு வந்தாச்சு, கட்டாயம் தங்குங்கள். ஊரே சுமார் 1,400 மீட்டர் உயரத்தில், மேரு மலையடிவாரத்தில் இருக்கிறது. மேகம் விலகி மலை முழுசாகத் தெரியும்போது கண்ணை எடுக்கவே முடியாது. சாயங்காலம் ரோட்டோரக் கடையில் சிப்ஸி மாயாய் சாப்பிட்டுப் பாருங்கள், பொரித்த உருளைக்கிழங்கின் மேல் முட்டையை அடித்து ஊற்றி, அடை மாதிரி திருப்பிப்போட்டு, சுடச்சுடத் தட்டில் கவிழ்ப்பார்கள்.

அருஷா தேசியப் பூங்காவுக்குக் காலையில் கிளம்பினால் அன்றைக்கே திரும்பிவிடலாம். துப்பாக்கி ஏந்திய ரேஞ்சரோடு நடந்தே போகலாம், கருப்பு வெள்ளை கொலோபஸ் குரங்குகளைப் பார்க்கவே போகணும்.

அப்புறம், ஸ்வெட்டர் முக்கியம். செரெங்கெட்டி போகும் வழியில் வரும் ங்கோரோங்கோரோ எரிமலைப் பள்ளத்தின் விளிம்பு 2,000 மீட்டருக்கு மேல், விடியற்காலையில் பல் கிடுகிடுக்கும். பிளாஸ்டிக் கேரி பைக்கு டான்சானியா முழுக்க 2019 முதல் தடை, துணிப்பை எடுத்துப் போங்கள்.