கணினிப் பயிற்சியால் மனச்சோர்வு குறையுமா?

டிக்கோயா தம்பி:
மனச்சோர்வில் இருப்பவர் கெட்டதிலிருந்து சட்டென்று பாடம் படிப்பார், நல்லதை விட்டுவிடுவார் என்கிறார்கள். இதைக் கணினியில் சோதிப்பது எளிது. திரையில் 2 உருவங்கள் வரும். ஒன்றைத் தொட்டால் 10க்கு 8 தடவை புள்ளி கிடைக்கும், மற்றதில் 2 தடவைதான். நல்ல உருவம் ஒருமுறை ஏமாற்றியதும் மனம் அதைக் கைவிடப் பார்க்கும். கைவிடாமல் இருக்கப் பழக்குவதுதான் பயிற்சி. இது நம் மலையகத் தேயிலைத் தோட்டங்களுக்கும் வரவேண்டும்.

பதுளை அக்கா:
தம்பி, பறிக்கும் கொழுந்து கிலோ குறைந்தால் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் கூலிதான் விழுகிறது. அதை நினைத்துப் பயப்படுவது மனக்கோளாறா? நாங்கள் குடியிருக்கும் லயத்துக் கூரை ஒழுகுகிறது, நீங்கள் குறையை எங்கள் தலைக்குள் தேடுகிறீர்கள்.

டிக்கோயா தம்பி:
கூலிப் பிரச்சினையை நான் மறுக்கவில்லை அக்கா. என் அம்மாவையே சொல்கிறேன். ஒரு மழைநாளில் 14 கிலோதான் எடுத்தார், அரைப்பேர். அடுத்த 2 வாரமும் 20க்குக் குறையவில்லை. எழுதி வைத்ததைக் காட்டினேன். “அது கொழுந்து நல்லா இருந்திச்சு” என்றார். அந்த 14க்கு மட்டும் “என் கை விளங்காத கை” என்றார். 14 அவர் குற்றம், 20 செடியின் புண்ணியம்! நான் சொல்வது இதைத்தான்.

ஹட்டன் தாதி:
தம்பி சொல்வது புதிதல்ல. தன்னையும் உலகத்தையும் வருங்காலத்தையும் இருட்டாகவே பார்ப்பதை அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960களிலேயே எழுதிவிட்டார். ஆனால் பயிற்சி வேறு விஷயம். கெட்டதன் பக்கமே சாயும் மனத்தைத் திருத்தப் பார்க்கும் கணினிப் பயிற்சிகளை 2015இல் பிரிட்டிஷ் மனநல மருத்துவ இதழில் தொகுத்துப் பார்த்தார்கள். பலன் சிறியது என்றுதான் வந்தது. மருந்தையும் ஆலோசனையையும் விட்டுவிட்டு இதை நம்பச் சொல்லாதீர்கள்.

டிக்கோயா தம்பி:
விடச் சொல்லவில்லை, கூடவே செய்யலாமே என்கிறேன்.

பதுளை அக்கா:
சரி, அம்மா கதை எனக்குப் புரிகிறது. எங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தார். ஆனால் திரையில் கிடைக்கும் புள்ளி நிறுவைத் தராசு வரைக்கும் கூட வருமா? பக்கத்தில் உட்கார்ந்து அந்த 20ஐ எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும் தம்பி. அம்மாவை டாக்டரிடம் காட்டினீர்களா?

டிக்கோயா தம்பி:
இல்லை அக்கா. கிளினிக் போனால் அன்றைய பேர் போய்விடும் என்கிறார்.

ஹட்டன் தாதி:
முதலில் 1926க்கு அழையுங்கள். இலங்கையின் தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம் அது.

டிக்கோயா தம்பி:
இன்று இரவே அழைக்கிறேன். கிளினிக் நாளுக்கு நானும் லீவு போட்டு வருகிறேன்.